குழிகள் விழுங்கிய குங்குமம்

வழுவழுப்பாக இருந்தால்தான் வழுக்கும் என்று உங்களுக்கு யார் சொன்னது? கண்ணாடி போன்ற பரப்பில் வேண்டுமென்றே ஆயிரக்கணக்கில் குழி தோண்டினால் உராய்வு குறையும் என்றால் நம்புவீர்களா? அன்புக்கரசியும் நம்பவில்லை, தன் வேலை போகவிருந்த நாள்வரை.

அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியில் பிறந்து, டிப்ளமோ முடித்தவர். 1998இல் அடையாறில் ஓர் ஆய்வகத்தில் தற்காலிக உதவியாளர். எஃகு வில்லையின்மேல் மிகக் கடினமான கரிப்பூச்சு; தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குதான். அதில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, எஃகுக் குண்டை அழுத்தி, வில்லையைச் சுழலவிட்டு உராய்வை அளப்பது அவர் வேலை. ஒரு வில்லை வழுவழுப்பானது. இன்னொன்றில் லேசர் ஒளியால் வரிசை வரிசையாகக் குழிகள்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்த காலையில், குழி வில்லை எப்போதும்போல் ஓடியது. வழுவழுப்பான வில்லையோ கிறீச்சிட்டது. உராய்வு எகிறியது, பூச்சில் கீறல் விழுந்தது. ஆய்வகத் தலைவர் ராமானுஜம் அன்புக்கரசியின் பக்கம் திரும்பக்கூட இல்லை. பக்கத்திலிருந்த விஞ்ஞானி நீரஜாவிடம் சொன்னார்:

"கையை அலம்பிண்டு தொட்டாளான்னு கேளுங்கோ. நாளைலேர்ந்து வேற ஆளைப் போட்டுக்கலாம்."

அவர் போனபின், கீறல் விழுந்த வில்லையை ஒருமுறை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார் அன்புக்கரசி. கீறலுக்குள் சிவப்புத் தூள். உடனே குழி வில்லையையும் வைத்தார். பார்த்ததும் நீரஜாவைக் கூப்பிட்டார்.

"மேடம், இங்க வந்து பாருங்க. குப்பையெல்லாம் குழிக்குள்ள வாங்கிக்கினு கீது. மேல சுத்தமா கீது."

நீரஜா குனிந்தார். கரிய சமவெளி. அதில் முடிவில்லாமல் குழிகள். ஒவ்வொன்றின் அடியிலும் எண்ணெயில் ஊறிய துளிச் சிவப்பு. குண்டின் பாதையில் ஒரு துகள்கூட இல்லை. மனிதன் ஒளியால் குத்திய பள்ளம், தூசியை விழுங்கி, எண்ணெயைத் தேக்கி, இரும்பை வழுக்கவிடுகிறது. எந்தக் கோபுரத்தின் முன்னும் நான் இப்படி வாய்பிளந்து நின்றதில்லை என்று நீரஜா பிறகு என்னிடம் சொன்னார்.

பூஜையன்று எந்திரத்துக்கும் வில்லைத் தட்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவர் ராமானுஜமேதான். அன்புக்கரசி துடைத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத தூள் தங்கிவிட்டது. நீரஜா ராமானுஜத்தை அழைத்து வந்து பார்க்க வைத்தார். அவரும் வெகுநேரம் தலை நிமிரவில்லை. குழிகளைப் பார்த்து "அபாரம்" என்றார். அன்புக்கரசியைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. வேலை மட்டும் தப்பியது.

உங்கள் அலுவலகத்திலும் ஒருநாள் ஏதாவது கெடும். கடைசி நாற்காலியில் இருப்பவரை நோக்கி விரல் நீளும். அப்போது தயவுசெய்து எழுந்து நின்று, கெட்ட பொருளை முதலில் காட்டச் சொல்லுங்கள்.