ஆல்பர்ட் குடிபோகாத ஊர்

உத்திரமேரூர் பக்கத்துப் பெருநகர் கிராமத்தில், காலனிக்குள் வந்து ஆல்பர்ட் வீடு எது என்று கேட்டால், "மிஷின்காரரு வூடா?" என்று திருப்பிக் கேட்பார்கள். நெல் அறுக்கும் மிஷின் அவருடையது அல்ல. பதினாறு வருஷமாக அதை ஓட்டுகிறார், அவ்வளவுதான். தீபாவளி முடிந்ததும் மிஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு சத்தீஸ்கரில் இருக்கும் தம்தரிக்குப் போவார். கிறிஸ்துமஸுக்குள் திரும்பிவிடுவார். கோடைப் போகத்துக்கு இன்னொரு நடை.

தம்தரிப் பக்கத்துக் கிராமத்தில் தனிராம் என்று ஒரு விவசாயி. முதல் வருஷம், வயலோரம் தார்ப்பாய் விரித்துப் படுத்திருந்த ஆல்பர்ட்டைத் தன் வீட்டுக்குள் கூட்டிப்போய், பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டார். எந்தத் தெரு, யார் மகன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெருநகரில் ஊர்த்தெரு விவசாயி ஏகாம்பரத்தின் நிலத்தையும் ஆல்பர்ட்தான் அறுக்கிறார். குறை சொல்ல முடியாத சாப்பாடு வரும், ஆனால் களத்துமேட்டுக்குத்தான் வரும். தனிராம் ஊரிலும் அந்த ஊர் ஆட்களுக்குள் யார் எங்கே உட்காருவது என்ற கணக்கு உண்டு என்பதை ஆல்பர்ட் போகப்போகத் தெரிந்துகொண்டார். வெளியூர்க்காரர் என்பதால் அவரை யாரும் அதில் சேர்க்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு தனிராம் சொந்தமாகவே ஒரு மிஷின் வாங்கிவிட்டார். "குடும்பத்தோடு வந்துவிடு. வீடு தருகிறேன், மிஷின் உன் பொறுப்பு" என்றார். ஆல்பர்ட்டின் மனைவி பரிமளா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள்.

"பாக்காம எப்டி சொல்றது? ஒரு வாட்டி எங்கள இட்டுக்கினு போ" என்றாள்.

அந்த மே மாதம், பத்தாவது எழுதி முடித்திருந்த மகள் பிரிசில்லாவோடு மூவரும் போனார்கள். தனிராமின் மனைவி பூல்மதிக்குத் தமிழ் தெரியாது, பரிமளாவுக்கு இந்தி தெரியாது. இருவரும் சேர்ந்து புளி கொட்டை எடுத்தபடியே பகலெல்லாம் சிரித்தார்கள். கதவைத் தாழ் போடாத ஊர், கிணற்றடி நிழல், மாலையில் சத்தமில்லாத தெரு எல்லாமே பரிமளாவுக்குப் பிடித்துப்போயிற்று.

ஆனால் பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மேல்படிப்புப் பள்ளிக்கூடம் வெகுதூரம். அந்தத் தெருப் பெண்பிள்ளைகள் எட்டாவதோடு நின்றிருந்தார்கள். ஒருநாள் பக்கத்து வீட்டு மருமகளுக்கு வலி எடுத்து டிராக்டரில் ஏற்றினார்கள். பாதி வழியிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் சுகம்தான். ஊர்க்காரர்கள் அதை ஒரு பேச்சாகக்கூட எடுக்கவில்லை. பரிமளாதான் அன்று ராத்திரி, ஆஸ்பத்திரி எத்தனை மைல் என்று ஆல்பர்ட்டிடம் கேட்டாள்.

திரும்பும் ரயிலில் சொன்னாள்: "சனங்க தங்கம்யா. ஆனா நம்ம பொண்ணு மேல படிக்க எங்க போவும்?"

"நம்மள வூட்டுக்குள்ள ஒக்கார வெச்சாங்களே, பரிமளா."

"எனுக்கு மட்டும் தெரியாதா? அதுக்காவ புள்ள படிப்ப வுட முடியுமா? நம்ம ஊர்லயும் ஒக்காருவோம், இரு."

ஆல்பர்ட் போனில் முடியாது என்று சொன்னபோது தனிராம் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்படி என்ன ஊர் அது? நானே வந்து பார்க்கிறேன்" என்று சிரித்தார்.

சொன்னபடி இந்த ஜனவரியில் வந்தும் விட்டார். ராமேஸ்வரம் போய்த் திரும்பும் வழியில், பூல்மதியோடு நான்கு நாள் ஆல்பர்ட் வீட்டில் தங்கினார். இங்கத்து அரிசியில் வாசனையே இல்லை என்றார், சுவரோடு சுவராக வீடு கட்டியிருக்கிறீர்களே என்றார். ரயில் பயணத்தில் பூல்மதிக்குக் கால் வீங்கியிருந்தது. பரிமளா அவளைப் பஸ் ஏற்றி உத்திரமேரூர் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கண்டக்டர் காசு வாங்காததைப் பார்த்து, அவர் பரிமளாவுக்குச் சொந்தம் போல என்று பூல்மதி நினைத்துக்கொண்டாள். ஊசி போட்டு மாத்திரையும் கொடுத்தார்கள். மத்தியானச் சோற்றுக்குள் வீடு திரும்பியாயிற்று. அதைப் புருஷனிடம் மூன்று தடவை சொன்னாள்.

மறுநாள் காலை ஏகாம்பரம் வண்டியில் வந்து, வழக்கம்போலத் தெருமுனையில் நின்று ஹாரன் அடித்தார். தன் நிலத்தை அறுக்க நாள் கேட்க வந்திருந்தார். ஆல்பர்ட்டோடு தனிராமும் போனார். வந்தவர் விவசாயி என்று தெரிந்ததும் தனிராம் கும்பிட்டு, கையைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்தார். ஏக்கருக்கு எத்தனை மூட்டை, எந்த விதை என்று கேள்விமேல் கேள்வி. ஆல்பர்ட் நடுவில் நின்று இந்தியும் தமிழுமாக மாற்றி மாற்றிச் சொன்னார். டீ கொண்டுவந்த பரிமளா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். தனிராம் எழுந்து தட்டை வாங்கி, ஒரு டம்ளரை ஏகாம்பரத்தின் கையில் கொடுத்தார்.

ஏகாம்பரம் டம்ளரைப் பார்த்தார். "சக்கர போட்டுகிறியா பரிமளா? எனுக்கு சுகரு கீது."

"ஐயோ, போட்டுட்டேனே! இருங்க, வேற போட்டு எத்தாரேன்."

"வேணா, வுடு. ஒரு நாளு தான" என்று ஊதி ஊதிக் குடித்தார். பேச்சு முடிந்து அவர் எழுந்திருக்க அரைமணி நேரமாயிற்று.

நான்காம் நாள் காஞ்சிபுரத்தில் பஸ் ஏறும்போது தனிராம், "நீ வராதது எனக்கு நஷ்டம்தான். ஆனால் சரியாகத்தான் செய்திருக்கிறாய்" என்றார். ஆல்பர்ட்டுக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது பிரிசில்லா பன்னிரண்டாவது பாடப்புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஆல்பர்ட் சட்டையை மாற்றிக்கொண்டு மிஷினுக்கு கிரீஸ் வைக்கப் போனார்.