கலரைத் தூக்காதீர்கள்

சேதுராசு இறந்த செய்தி எனக்கு ஒரு கேள்வியாகத்தான் வந்தது. அவருடைய பிளக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஜெயா காலையில் போன் செய்தார். "சார், அண்ணன் போயிட்டாங்க. போஸ்டருக்கு எந்தப் படத்தைப் போடன்னு தெரியல. கொஞ்சம் வாரீங்களா?" அழுவதா, படம் பார்ப்பதா என்று விளங்காமல், சட்டையை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

ராமநாதபுரத்தில் அவரை அறியாதவர் யார்? உங்கள் கடைப் பலகையை அவர்தான் எழுதியிருப்பார். பிறகு உங்கள் மகள் கல்யாணத்துக்கு பிளக்ஸும் அடித்திருப்பார். தேவிபட்டினம் முதல் திருப்புல்லாணி வரை கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களில் பாதி அவர் கைவேலை. குடும்பப் படத்திலிருந்து ஒரு தலையை மட்டும் வெட்டியெடுத்து, கோட்டு மாட்டி, நிறத்தைக் கூட்டுவார். அதற்கு "கலரு தூக்குறது" என்று பெயர். ஆயுசெல்லாம் உப்பளத்தில் கருகிய மனிதர் செத்த மறுநாள் சுவரில் ரோஜா நிறத்தில் சிரிப்பார். "என் கடைக்கு வந்தாத்தான் மாப்ளே நம்ம சனம் செவக்குது" என்பார்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஓர் ஆசை வந்து தொலைத்தது. தன் அஞ்சலிப் போஸ்டருக்கான முகத்தைத் தானே வரைந்து வைத்துவிட வேண்டும். "ரேசன் கார்டு படத்தைப் போட்டுருவாய்ங்க. செத்தும் கேவலப்படணுமா?"

கண்ணாடியை எதிரில் நிறுத்தி ஆயில் பெயிண்டில் ஆரம்பித்தார். முதல் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் புது மாப்பிள்ளை யாரு, எந்த ஊரு?" என்று கேட்டேன். முகம் அப்படிச் சிவந்திருந்தது. பழகிய கை தானாகவே கலரைத் தூக்கியிருக்கிறது. ஆளோ அசல் கடற்கரைக் கறுப்பு. "ஏலே, எனக்கே நான் தூக்கிட்டேனா?" என்றார். சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து மனிதர் ஓரிடத்தில் உட்காரவில்லை. கறுப்பு டியூபைப் பிதுக்கினார். முகம் தார் ரோடாகிவிட்டது. நீலத்தையும் பிரவுனையும் கலந்து பார்த்தார். டீக்கடையில் பாதிப் பேச்சில் எவர்சில்வர் செம்பை எடுத்து முகம் பார்ப்பார்.

"கன்னத்துல நீலம் இருக்கு, கவனிச்சியா மாப்ளே?"

"நேத்து வீட்டுல தங்கச்சி பூரிக்கட்டையை எடுத்துச்சா?" என்பேன்.

மகன் துபாயிலிருந்து, கம்ப்யூட்டரில் வரைகிற பேனாவும் பலகையும் கொண்டுவந்தான். ஒரு பட்டனைத் தட்டிப் படத்தை இடவலமாகத் திருப்பினால் கோணலெல்லாம் காட்டிக்கொடுக்கும் என்று அதில் கண்டுபிடித்தார். "என் காது ஒண்ணு எறங்கியிருக்கு. இத்தன வருசத்துல ஒருத்தன் சொல்லல பாரு!" ஆனால் பிடிக்காத கோட்டையெல்லாம் கண்ட்ரோல் இசட் அடித்தே அழித்தார். ஒருநாள் திரை வெறுமையாக இருந்தது. "பெயிண்டுல தப்பு மேல தப்பு போட்டா ஒரு மொகம் வந்துருது. இதுல தப்ப அழிச்சு அழிச்சு ஆளே இல்லாமப் போயிட்டேன்" என்றார்.

கடைசியில், கோணலைக் கம்ப்யூட்டரில் சரிபார்த்து, நிறத்தை ஆயில் பெயிண்டிலேயே தீட்டினார். "இன்னும் நெத்தி வரல" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். நெற்றி வருவதற்குள் நெஞ்சுவலி வந்துவிட்டது.

நான் கடைக்குப் போனபோது அந்தப் படத்தைத்தான் ஜெயா போட்டோ எடுத்துத் திரையில் போட்டிருந்தார். அவருடைய தம்பி பின்னால் நின்று, "இம்புட்டுக் கறுப்பாவா போடுறது? நாலு சனம் பாக்குமே. கொஞ்சம் தூக்கும்மா" என்று அவசரப்படுத்தினார். ஜெயா கெட்டிக்காரி. உள்ளபடி ஒன்று, கலர் தூக்கியது ஒன்று என்று இரண்டு தாள் எடுத்து என்னிடம் கொடுத்து, "அண்ணியக் கேட்டுருங்க சார்" என்றார்.

வீட்டில் அவர் மனைவி பேச்சியம்மாள் தலைமாட்டில் இருந்தார். இரண்டையும் வாங்கிப் பார்த்தார். சிவந்ததைத் தம்பியிடமே திருப்பி நீட்டினார்.

"இது யாரோ ஒரு ஆளு. யாரோ ஒரு ஆளுக்கு நான் எதுக்கு அழுகணும்?"

கறுத்த தாளை மடியில் வைத்துக்கொண்டு அப்புறம்தான் வாய்விட்டு அழுதார். ஊர் முழுக்க அந்தப் படத்தையே ஒட்டினோம்.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது முகத்தில் நிறம் தேடும் அந்தப் பதற்றம்தான். நேற்று சவரம் செய்யப் போனவன், தாடைக்கு அடியில் லேசாகப் பச்சை தெரிய, அப்படியே நின்றுவிட்டேன். நுரை காய்ந்துவிட்டது.

"உள்ள என்னதான் பண்றீக?" வீட்டில் சத்தம்.

"என் கலரு என்னன்னு பாக்குறேன்."

"அதுக்கு இம்புட்டு நேரமா? கறுப்புத்தான்."

இல்லை அம்மணி, அவ்வளவு லேசில்லை.