தங்கம்மா அக்காவின் பட்டா

பாறசாலைப் பக்கம், ஊர் நிலமெல்லாம் வைத்திருந்த ஜன்மியின் வீட்டை அருங்காட்சியகம் ஆக்குகிறார்கள். இன்று மக்களிடம் கருத்துக் கேட்டார்கள்.

கண்ணாடிப் பெட்டியில் தங்கம்மா அக்கா குடும்பத்தின் பத்து சென்ட் பட்டா. கீழே ஒரு வாசகம்: ‘ஜன்மி தம் குடியானவர்களுக்கு மனமுவந்து வழங்கியது.’

அக்கா அருங்காட்சியக அதிகாரியிடம் கேட்டார்: “ஆரு தந்தா சாரே? எங்க குடிலைப் பிரிச்சுப் போட்டவராக்கும் அவரு. இந்தப் பட்டாவுக்குக் கேஸு நடத்த எங்க அண்ணன் துபாயில கல்லு சொமந்தான். அதை எழுதணும்.”

அதிகாரி நெகிழ்ந்துபோனார். “இதாக்கும் சமூகப் பங்களிப்பு!”

“அப்போ மாத்துவீங்களா?”

“தாராளமா. மியூசியத்துக்கு இந்த வீட்டைத் தந்தது ஜன்மி குடும்பமில்லையா? அவங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க.”

அக்கா பெட்டியைத் திறந்து, பட்டாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

இப்போது காலிப் பெட்டிக்குக் கீழே அந்த வாசகம் மட்டும் இருக்கிறது. எனக்கு ஆட்சேபணை இல்லை. உங்களுக்கு?