அந்தக் களத்தில் நின்றவர்கள்

என் தோழி செம்மொழிக்குச் சிறந்த வரலாற்றுப் பேராசிரியர் விருது கிடைத்ததும், வலங்கைமான் பக்கத்தில் அவளுடைய சொந்த ஊரில் பாராட்டு விழா வைத்தார்கள். அவளோடு ஒரே துறையில் பாடம் நடத்துகிறவள் என்பதால் எனக்கும் மேடையில் இடம். எங்கே பேசினாலும் வம்பை விலைக்கு வாங்குகிறவள் அவள். போன மாதம் ஒரு கூட்டம் முடிந்து திரும்பும்போது கார்க் கண்ணாடியைக் கல்லால் உடைத்தார்கள். "கண்ணாடிதானே, மண்டை இல்லியே" என்று சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இங்கே அவள் சொல்ல வந்தது ஒன்றுதான். 1966இல் அறுவடைக் களத்தில் செங்கொடி ஊன்றியதற்காக அவளுடைய பெரியப்பா சின்னையனைத் தென்னை மரத்தில் கட்டி, சவுக்கால் அடித்தே கொன்றார்கள். கொன்றவர்களின் பெயர்களை அதே ஊரில், எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். பழைய ஆட்களைத் தேடிப் பிடித்துப் பெயர்களைத் திரட்டியிருந்தாள். அவளுடைய அப்பா வீரையன் மட்டும் வாய் திறக்கவில்லை. துக்கம் என்று நினைத்தோம்.

ஊர் விழா என்றால் பண்ணை வீட்டுக்குத்தான் தலைமை. விழாக்குழுவுக்கு வேறு பழக்கமில்லை. கொன்ற பண்ணையாரின் பேரன் கையாலேயே அவளுக்குப் பொன்னாடை!

"முதல் ஆள், பண்ணையார் குஞ்சிதபாதம்" என்றாள் மைக்கில்.

நாற்காலி ஒன்று பறந்து வந்து அவள் நெற்றியைப் பிளந்தது. பேரனின் ஆட்கள் மேடையேறி மைக் வயரைப் பிடுங்கினார்கள். ஒருவன் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். நான் குத்துவிளக்கைத் தூக்கி அவன் முழங்கையில் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அதற்காக இன்றுவரை நான் வருத்தப்படவில்லை. அவளுடைய தெருக்காரர்கள் ஓடிவந்து மற்றவர்களை அடித்துக் கீழே தள்ளினார்கள்.

கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டு, மைக் இல்லாமலே மற்ற மூன்று பெயர்களையும் கத்திச் சொன்னாள்.

"நாலு பேரு. அவ்வளவுதான்."

வீரையன் மேடையேறினார்.

"இன்னும் ஒரு ஆளு இருக்கும்மா."

"யாருப்பா?"

"நான்தான். அடிபடுறவன அவன் வீட்டு ஆளவிட்டுத்தான் கட்டச் சொல்லுவாங்க. கட்டலேன்னா என்னையும் அடிச்சுக் கொல்லுவோம்னாங்க. எனக்குப் பதினேழு வயசு. கட்டுனேன். முடிச்சு லூசா இருக்குன்னு திரும்பக் கட்டச் சொன்னாங்க. அண்ணன் என்னையே பாத்துக்கிட்டிருந்துச்சு. இறுக்கிக் கட்டுனேன்."

"உக்காருங்கப்பா" என்றாள் செம்மொழி.

அவர் உட்காரவில்லை. "சொல்லும்மா. எல்லார் பேரையும் சொன்னீல்ல?"

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"வீரையன்" என்றாள். "என்னோட அப்பா."