ஆறு பெட்டி, மூன்று மாடி

சேவை என்ற சொல்லைக் காதில் கேட்டாலே எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. நான் டாக்ஸி ஓட்டுகிறவன், பேர் இளஞ்செழியன். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைச் சுற்றியிருக்கும் கெஸ்ட் ஹவுஸ்களுக்கு வண்டி விடுகிறேன். அந்தப் பக்கம் வந்து பாருங்கள், ஒருத்தரும் வேலை செய்வதாகவே தெரியாது, எல்லாரும் சேவைதான் செய்வார்கள். சமைக்கிற அம்மா செய்வது சேவை, கக்கூஸ் கழுவுகிறவர் செய்வது சேவை. என்னிடம் மட்டும் அந்தப் பேச்சு நடக்காது. அட்வான்ஸ் வாங்காமல் சாவியைத் திருப்ப மாட்டேன்.

எல்லம்மாளிடம் அந்தப் பேச்சு நடந்தது. அடி அண்ணாமலை ஊர்க்காரி, என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வீட்டுக்காரர் கல்யாணச் சமையல் கோஷ்டியோடு ஊர் ஊராகப் போகிறவர், வந்தால் வந்தார், இல்லாவிட்டால் இல்லை. சக்கரபாணி என்பவர் கெஸ்ட் ஹவுஸ் கட்டித் திறந்தபோது பெருக்கித் துடைக்கவும் படுக்கை விரிப்பு துவைக்கவும் எல்லம்மாளைச் சேர்த்துக்கொண்டார். மூன்று மாடிக் கட்டடம். பிளானில் லிஃப்டுக்கு விட்டிருந்த இடத்தில் மனுஷன் ஒரு சின்ன நீரூற்று வைத்து, நடுவில் ஒரு புத்தர் தலையை உட்கார வைத்தார். லிஃப்ட் வைத்திருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியதே இல்லை.

திறந்த புதிதில் வயசான ஒரு வெள்ளைக்காரம்மா பெட்டியோடு படியில் திணறிக்கொண்டு நின்றாள். எல்லம்மாள் துண்டைச் சும்மாடு சுற்றித் தலையில் வைத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மேலே வைத்துவிட்டு வந்தாள். பாவம் பார்த்துச் செய்த காரியம். மறுநாளிலிருந்து அது அவள் வேலை ஆகிவிட்டது. சக்கரம் வைத்த பெட்டிகளைத் தலையில் சுமந்துகொண்டு அவள் படியேறுவதைப் போட்டோ எடுக்காத கெஸ்ட் கிடையாது. அதற்குச் சம்பளம் கேட்டால் சக்கரபாணி, "பொட்டி தூக்கறதுக்கு கெஸ்ட் பாத்துக்குவாங்க" என்பார். கெஸ்ட், "அதெல்லாம் சம்பளத்துலயே சேந்திருக்கும்" என்று நினைத்துக்கொள்வார். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் கைகாட்டிவிட்டுப் போக, நடுவில் நின்றவள் இவள்.

சும்மா போக மாட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்குப் போகும்போது பெட்டியில் அடங்காததையெல்லாம் அவள் கையில் திணிப்பார்கள். பாதி தீர்ந்த ஷாம்பு, அறுந்த கொசுவலை, தட்டினால் ஓம் என்று ஒலிக்கும் பித்தளைக் கிண்ணம். அந்தக் கிண்ணத்தில்தான் அவள் வீட்டுக் கோழிகள் தவிடு தின்கின்றன. யோகா மேட் மட்டும் அடுக்கி வைக்க இடமில்லாத அளவுக்குச் சேர்ந்துவிட்டது. அவளுடைய ஆட்டுக்குட்டிகள் மாதிரி மெத்தென்று படுக்கிற ஆட்டுக்குட்டிகள் இந்த மாவட்டத்திலேயே இருக்காது.

போன கார்த்திகைக்குப் பிறகு அக்காவுக்கு அடிவயிற்றில் வலி. என் மனைவி அன்புச்செல்வியிடம்தான் சொன்னாள். என் வண்டியிலேயே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும், அதுவரை ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று லேடி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வந்து படுக்க ஒரு திங்கட்கிழமையும் குறித்துக் கொடுத்தார். பெண்கள் சமாச்சாரம், வெளியில் மூச்சு விடக் கூடாது என்று அன்புச்செல்வி என்னிடம் சத்தியம் வாங்காத குறை.

அக்கா சக்கரபாணியிடம் போய், உடம்பு சரியில்லை, லீவு வேண்டும், அதுவரைக்கும் பெட்டி தூக்க வேறு ஆள் போடுங்கள் என்று கேட்டாள். அவர் சொன்ன பதிலை அவளே என்னிடம் சொன்னாள். "சீசன்ல லீவுன்னா அப்படியே நின்னுக்கோன்றாரு தம்பி. டிப்ஸு உனக்குத்தான வருது, அதையும் இன்னொருத்தனுக்கு உட்டுக்குடுக்கப் போறியான்றாரு." வராத டிப்ஸை விட்டுக்கொடுக்க வேண்டாமாம். எவ்வளவு அக்கறை பாருங்கள் அந்த ஆளுக்கு!

அந்தச் சமயத்தில் மூன்றாவது மாடியில் ஒரு மாதமாகத் தங்கியிருந்தவர்கள் ராமகிருஷ்ணனும் அவர் மனைவி சௌம்யாவும். வெகுகாலம் அமெரிக்காவில் இருந்துவிட்டு ரிட்டையர் ஆனவர்கள். அந்த அம்மாளுக்கு எல்லம்மாளைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும், ஆனாலும் கையைக் கூப்பி "அம்மா" என்றுதான் கூப்பிடுவாள். அவரும் நீங்க, வாங்க என்றுதான் பேசுவார். "அம்மா, நீங்க பண்றது பெரிய சேவை. உங்களைப் பாத்தா எங்க வீட்டு மனுஷி மாதிரி இருக்கு" என்பார். ஒரு மாதமும் குடிக்கிற தண்ணீர் கேனை மூன்றாவது மாடிக்குத் தூக்கியது அந்த வீட்டு மனுஷிதான்.

இங்கிருந்து அவர்கள் சென்னைத் துறைமுகம் போய், சொகுசுக் கப்பலில் இலங்கைக்குச் சுற்றுலா போவதாக ஏற்பாடு. வண்டி என்னுடையது. கிளம்புவதற்கு முதல் நாள் ராமகிருஷ்ணன் என்னைக் கூப்பிட்டு, பேங்கில் புது நோட்டாக மாற்றி வரச் சொன்னார்.

"கப்பல் ஏர்றப்போ போர்ட்டர்தான் லக்கேஜை எடுத்துக்குவாங்க. பொட்டியைக் கையில குடுக்கறதுக்கு முன்னாடியே டிப்ஸ் குடுத்துடணுமாம், நெட்ல போட்டிருக்கான். இல்லன்னா லக்கேஜ் ரூமுக்கு வந்து சேருமோ சேராதோ. அமெரிக்காவுலயும் அப்படித்தான், குடுக்கலன்னா மூஞ்சிக்கு நேரா கேட்டுடுவான்" என்றார்.

மாற்றி வந்து கொடுத்தேன். சௌம்யா அம்மாள் அதையெல்லாம் அழகான சின்னச் சின்னக் கவரில் போட்டு, மேலே 'நன்றி' என்று எழுதிக் கட்டில்மேல் வரிசையாக வைத்திருந்தாள். பெட்டிக்கு ஒன்று வீதம் ஆறு கவர்.

அறையைப் பெருக்கப் போன எல்லம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். ஆறு பெட்டியையும் மேலே ஏற்றியவள் அவள், நாளைக்கு இறக்கப் போகிறவளும் அவள். ஆறு பெட்டிக்கு ஆறு கவர் என்று பார்த்தால் யாருக்கும் என்ன தோன்றும்?

சாயங்காலம் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். முகமே வேறு மாதிரி இருந்தது.

"தம்பி, இவங்க மத்தவங்க மாதிரி இல்ல. கவரு போட்டு வெச்சிருக்காங்க. நாளைக்கு மட்டும் பல்லைக் கடிச்சினு தூக்கிடறேன். அந்தக் காச வெச்சி ஆட்டோ ஸ்டாண்டு சுப்பனைப் பேசிடுவேன். சீசன் முடியறவரைக்கும் எனக்குப் பதிலா அவன் தூக்கட்டும். ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுக்கலாம், வேலையும் போவாது" என்றாள்.

அந்தக் கவர் துறைமுகத்துக்குப் போகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு மாதம் தண்ணீர் சுமந்தவளுக்குத் தனியாக ஒன்று வைத்திருக்க மாட்டார்களா என்ன என்றுதான் நினைத்தேன். "காலைல நான் வர்றவரைக்கும் தூக்காதீங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனேன்.

காலையில் நான் போவதற்குள் நான்கு பெட்டி கீழே வந்திருந்தது. மாடிப்படித் திருப்பத்தில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், முகமெல்லாம் வேர்வை. மேலிருந்து ராமகிருஷ்ணன், "டைம் ஆச்சும்மா, கப்பல் நமக்காக நிக்காது" என்று குரல் கொடுத்தார். மிச்சம் இரண்டையும் நான் போய்த் தூக்கி வந்தேன். அந்தப் பெட்டியின் கனம் எனக்கே முதுகில் தெரிந்தது. அப்போதே எனக்குள் ஏறிவிட்டது கோபம்.

வண்டியில் எல்லாம் ஏற்றியாயிற்று. சௌம்யா அம்மாள் வந்து எல்லம்மாளைக் கட்டிக்கொண்டாள், கண்கூடக் கலங்கினாள். பிறகு ஒரு யோகா மேட்டைச் சுருட்டி அவள் கையில் கொடுத்தாள், கூடவே அரை பாட்டில் நல்லெண்ணெய். இருவரும் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தப் போனார்கள்.

எல்லம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டாள். "சார், அந்தக் கவரு..." என்றாள்.

"எந்தக் கவர்? ஓ, அதுவா? அது கப்பல்ல பொட்டி தூக்கற போர்ட்டருக்கும்மா."

"நானும் பொட்டி தூக்கறவதான சார்."

அவர் முகம் சுருங்கிய சுருக்கத்தை நான் கண்ணாடியில் பார்த்தேன். "நீ இப்படிக் கேப்பேன்னு நான் எதிர்பாக்கல எல்லம்மா. உனக்குப் போய் டிப்ஸ் குடுத்தா அது உன்னை அவமானப்படுத்தற மாதிரி ஆகாதா? நாங்க உன்னை அப்படிப் பாக்கலையே" என்றார்.

அதுவரைக்கும் நீங்க, அந்த நிமிஷத்திலிருந்து நீ. கதவைச் சாத்தினார். வாசலில் நின்றிருந்த சக்கரபாணி பார்த்துக்கொண்டே இருந்தார்.

கீழ்பென்னாத்தூர் தாண்டவில்லை, ராமகிருஷ்ணன் போனை எடுத்தார். "சக்கரபாணி சார், கம்ப்ளெயின்ட்டெல்லாம் இல்ல, சும்மா உங்க காதுல போட்டு வெக்கறேன். நல்ல லேடிதான், கொஞ்சம் காசாசை வந்துடுச்சு. அந்த இடத்தோட எனர்ஜியே கெட்டுடும் பாருங்க."

எனர்ஜியாம்! "சார், அவங்க கேட்டதுல இன்னா தப்பு?" என்றேன்.

"நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றார்.

ரோட்டைத்தான் பார்த்தேன். டாக்டர் சொன்னதைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவள் உடம்பு, அவள் மானம். செஞ்சி போய்ச் சேரும்வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன்.

திண்டிவனத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது என் போன் அடித்தது. சக்கரபாணி. "செழியா, சார் கப்பல் ஏர்றதுக்குள்ள எல்லம்மா சாரி கேட்டாகணும். சார் நம்பரு வெளிநாட்டு நம்பரு, அவ போன்லேந்து போவாது. உன் நம்பருக்குக் கூப்டச் சொல்லியிருக்கேன், நீ சார்கிட்ட குடு. கேட்டுட்டா வேல, இல்லன்னா இன்னியோட கெளம்பிக்கட்டும்" என்றார். நான் போனை வைத்துவிட்டேன். கேட்டுவிடக் கூடாதே என்றும் இருந்தது, கேட்காவிட்டால் சோற்றுக்கு என்ன செய்வாள் என்றும் இருந்தது.

துறைமுகத்தில் கப்பலுக்குப் போகிற கூட்டம் பெட்டி சோதிக்கும் பந்தலுக்கு வெளியே நின்றது. நான் டிக்கியைத் திறந்ததுதான் தாமதம், வாட்டசாட்டமான ஒரு போர்ட்டர் தள்ளுவண்டியோடு வந்தார். ராமகிருஷ்ணன் அவசர அவசரமாக இறங்கி, "வணக்கம் சார், வணக்கம்" என்றார். பெட்டியில் போர்ட்டர் கைவைப்பதற்கு முன்னாலேயே ஆறு கவரையும் இரண்டு கையாலும் நீட்டினார். "கொஞ்சம் பாத்துப் பத்திரமா அனுப்புங்க சார்" என்று குழைந்தார். அந்தப் போர்ட்டர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. உழைக்கிறார், வாங்குகிறார், இன்னும் ஜாஸ்தியாகவே வாங்கட்டும். பெட்டிகள் தள்ளுவண்டியில் ஏறி, சமதரையில் பந்தலை நோக்கி உருண்டன.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெட்டி வந்து சேராதோ என்ற பயம் அங்கே இருக்கிறது, அதனால் கை தானாகப் பைக்குள் போகிறது. எல்லம்மாளிடம் என்ன பயம்? அவள் கொண்டுவந்து சேர்த்துவிடுவாள். உயிர் போனாலும் சேர்த்துவிடுவாள். அப்படிப்பட்டவளுக்குக் கும்பிடு போதும், அம்மா என்றால் போதும்! தூ!

என் போன் அடித்தது. எல்லம்மாள். எடுத்து ஸ்பீக்கரில் போட்டு ராமகிருஷ்ணன் முன்னால் நீட்டினேன். அவருக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும் போல, முகத்தில் ஒரு பெருந்தன்மை வந்து உட்கார்ந்துகொண்டது.

"சொல்லும்மா. பரவால்ல, நான் எதையும் மனசுல வெச்சுக்கல" என்றார்.

"வெச்சுக்கோங்க சார்" என்றாள் எல்லம்மாள்.

பந்தல் பக்கம் திரும்பியிருந்த சௌம்யா அம்மாள் திரும்பிப் பார்த்தாள். போர்ட்டரும் நின்றுவிட்டார்.

"ஆறு பொட்டி, மூணு மாடி. ஏத்தினதும் நான், எறக்கினதும் நான், கடைசி ரெண்ட மட்டும் தம்பி எறக்குச்சு. அது கூலி வேல சார். சேவைன்னா அத செய்யறவ நான் சொல்லணும், வாங்கிக்கிற நீங்க சொல்லக் கூடாது. சக்கரபாணி சாரு பக்கத்துலதான் நிக்கிறாரு, அவரு காதுலயும் உழட்டும். மன்னிப்புக் கேளுன்னாரு. நான் இன்னாத்துக்குக் கேக்கணும்? கேக்க மாட்டேன். வேலயும் வேணாம். திங்கக்கெழம ஆஸ்பத்திரில போயி படுக்கப் போறேன். இனிமே எவன் பொட்டியும் தூக்கறதா இல்ல."

அவ்வளவுதான். போன் அமைதியானது.

"ஆஸ்பத்திரியா? அவங்களுக்கு என்ன ஆச்சு?" என்று சௌம்யா அம்மாள் என்னைக் கேட்டாள்.

"ஒரு மாசமா அம்மா அம்மான்னு கூப்டீங்களே மேடம். நீங்கதான் கேட்டிருக்கணும்" என்றேன்.

ராமகிருஷ்ணன் என் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். போர்ட்டர் பார்க்கிறார் என்பது அவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சிக்னல் கட் ஆயிடுச்சு போல" என்றார்.

"சிக்னல் நல்லாத்தான் இருக்கு சார்" என்றேன். "அவங்கதான் வெச்சுட்டாங்க."