ஏ.சி. குடித்த பெட்ரோல்

என்னைத் திருடன் என்று சொன்னது நீங்கள்தான். வேறு யாரும் இல்லை.

எண்பதுகளில் செம்பூரில் உங்கள் காரை நான் ஓட்டினேன். ஒரு கோடையில் அந்தப் பழைய வண்டிக்கு ஏ.சி. மாட்டினீர்கள். பாந்திராவில் இருந்த ஆபீசுக்கு சயான் பாலம் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். இறங்கினால் தாராவி. பாலத்துக்கு முன்பே, "கண்ணாடிய ஏத்துப்பா, ஏ.சி.யப் போடு, நாத்தம் தாங்கல" என்பீர்கள். அந்த நாற்றத்தில்தான் என் பெண்டாட்டி பிள்ளைகள் குடியிருந்தார்கள். உங்களுக்கு அது தெரியும்.

ஏ.சி.யைச் சுற்றுவதும் எஞ்சின்தான், ஒரு பெல்ட் வழியாக. சின்ன எஞ்சின் மேட்டில் வண்டியை இழுக்குமா, அதையும் சுற்றுமா? பிக்கப் செத்துவிடும். பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்துவான். செகண்ட் கியரில் ஆக்சிலேட்டரை மிதித்தே ஏற்றுவேன். சிக்னலில் அணைந்துவிடாமல் இருக்க அங்கேயும் மிதிக்க வேண்டும். மிதிக்க மிதிக்கப் பெட்ரோல் போகும்.

"என்னப்பா, அதுக்குள்ள டாங்க் காலி?" என்று ஒரு நாள் கேட்டீர்கள்.

"ஏ.சி. போட்டா வண்டி இழுக்க மாட்டேங்கு சார். இந்த வாரம் ரெண்டு வாட்டி அடிச்சிட்டேன்."

பெட்ரோல் அடிப்பது என்றால் எங்களுக்கு, பெட்ரோல் பங்கில் டாங்கை நிரப்புவது. உங்கள் வீட்டில் 'போடுவது' என்பீர்கள். திருடுவதையும் அடிப்பது என்பார்கள். நீங்கள் அதைத்தான் எடுத்துக்கொண்டீர்கள். அந்த ஞாயிறு மாட்டுங்காவில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, "எங்காத்து டிரைவர் ரொம்ப யோக்கியன். ரெண்டு வாட்டி அடிச்சிட்டேன் சார்னு அவனே ஒத்துண்டுட்டான்" என்றீர்கள். பந்தியே சிரித்தது. உங்கள் வீட்டம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு நான் வாசலில் நின்றிருந்தேன். மறுநாள் சாவியை வாங்கிக்கொண்டீர்கள்.

அந்தப் பக்கத்தில் கார் வைத்திருந்தவர்கள் எல்லாம் அந்தப் பந்தியில் இருந்தவர்கள்தான். வேலை கேட்டுப் போன இடமெல்லாம், "ஓ, அடிக்கற டிரைவரா?" என்று சிரித்தார்கள். தோல் கிடங்கில் மூட்டை தூக்கினேன்.

பிறகு உங்கள் புது டிரைவரை சயானில் டீக்கடையில் பார்த்தேன். வண்டி எப்படி என்று கேட்டேன்.

"இப்ப நல்லா ஓடுது அண்ணாச்சி. எங்கிட்டயும் அதே பெட்ரோல்தான் குடிச்சுது. மெக்கானிக் சொன்னப்புறம் சார் ஏ.சி.யக் கழட்டிட்டாரு."

ஆக, உங்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம், நான் வர மாட்டேன். சிரித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள்: நான் திருடினேனா, இல்லையா?