முடுக்கியபடியே விட்ட போல்ட்டுகள்

கிழிந்த சட்டையோடு ராமநாதபுரம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். உச்சிப்புளிப் பட்டறை முதலாளியிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அதற்கு ஒரு வாரம் முன்பு, ஒரு லாரி பிரேக் காற்றுக் கசிந்து உப்பூர் அருகே நின்றுவிட்டது. காற்று போனால் ஹேண்ட் பிரேக் ஸ்பிரிங் சக்கரத்தை இறுக்கிவிடும். லாரியை இழுத்து வருவதற்காக, பின்பக்க போல்ட்டுகளை முடுக்கி ஸ்பிரிங்கை அடக்கியது நான்தான். பட்டறைக்கு வந்ததும் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஹேண்ட் பிரேக் பிடிக்காது என்றேன். "நான் பாத்துக்கிறேன்லே" என்றார் முதலாளி.

நான் கிளம்பிய அன்று அதே லாரி ஆயில் ஒழுகி வந்தது. டிரைவர் ஹேண்ட் பிரேக் லீவரை இழுத்தார். புஸ்ஸென்று சத்தமும் வந்தது. "போட்டாச்சு, உள்ள போண்ணே."

சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் அடியில் படுத்தேன். அது என் தப்பு. ஒழுகும் இடம் தெரிவதற்காக இன்ஜினைப் போட, டிரைவர் கியரை நியூட்ரலுக்கு எடுத்ததும் லாரி உருண்டது. நான் புரண்டு வெளியே வந்தேன், சட்டை சக்கரத்தில் மாட்டிக் கிழிந்தது. பார்த்தால், போல்ட்டுகள் நான் முடுக்கியபடியே இருந்தன. ஒரு வாரமாக அந்த லாரி ஹேண்ட் பிரேக் இல்லாமல் ஊர் சுற்றியிருக்கிறது.

"நம்ம ஊரு என்ன கொடைக்கானலா, மலையில உருண்டு போக? சட்டைதான போச்சு" என்று சிரித்தார் முதலாளி. அந்தச் சிரிப்பு இன்னும் எரிகிறது.

இப்போதெல்லாம் போல்ட்டை முடுக்கினால், கழற்றும்வரை ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி கட்டிவிடுகிறேன்.

சட்டை கிழிந்த மறுநாள் காலை ராமநாதபுரத்தில் வேறு பட்டறையில் சேர்ந்தேன். முதல் லாரிக்குக் கட்டை வைத்து, போல்ட்டைப் பார்க்கக் குனிந்தேன்.

"ஹேண்ட் பிரேக் போட்டிருக்கேன்ணே, நம்பலையா?" என்றார் டிரைவர்.

"உங்கள நம்புறேன். இதுக்கு முன்னால வேல பாத்தவன நம்பல" என்று சொல்லிவிட்டு அடியில் படுத்தேன்.